லினக்ஸ் லாகின் ஸ்க்ரீன்ல வீட்டு ஆளுங்க பேரு தமிழ்ல வரணுமா? லைட்டிஎம் செட்டிங் முழு வழிகாட்டி

சிங்கப்பூர் யீஷூன்ல எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஹால்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சப்போ இந்த மெஷின் 11-க்கு போகாதுன்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா மெஷின் நல்லாத்தான் ஓடுது, அத தூக்கி புளோக்குக்கு கீழ வைக்க எனக்கு மனசு வரல, அதனால டெபியன்ங்கற லினக்ஸ, எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப்போட போட்டேன். எல்லாம் முடிஞ்சு ரீபூட் ஆகி வந்துச்சு, அம்மா ஆசையா வந்து உக்காந்தாங்க, ஸ்க்ரீன்ல ஒரு காலி பெட்டி மட்டும் நிக்குது, யூசர்நேம் டைப் பண்ணணுமாம். அம்மா தினமும் தமிழ் முரசு ஒரு வரி விடாம படிக்கிறவங்க, ஆனா இங்கிலீஷ் எழுத்த தேடித்தேடி தட்டுறது அவங்களுக்கு பெரிய பாடு. "இதுல என் பேரு எங்கடா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ரெண்டு நாள் உக்காந்து லாகின் ஸ்க்ரீன முழுசா கத்துக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல மத்ததெல்லாம் அப்புறம், மொத திரையிலயே ஒருத்தர் தன் பேர வாசிக்க முடியலன்னா அந்த மெஷின் அவங்களுக்கு சொந்தமில்லன்னு ஆயிடுது.

ஒரு விஷயம், கமாண்டும் ஃபைல் பேரும் நான் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், நீங்க டெர்மினல்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, பெரிய எழுத்து வேணும்ங்கற இடத்துல சொல்றேன்.

லாகின் ஸ்க்ரீன்னா உள்ள என்ன நடக்குது

இத புரிஞ்சுக்காம செட்டிங் மாத்தினா பாதி வேலை பண்ணும் பாதி பண்ணாது, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

பூட் ஆனதும் டிஸ்ப்ளே மேனேஜர்னு ஒரு ப்ரோக்ராம் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோட ஸ்டார்ட் ஆகும், லைட்டிஎம் அதுல ஒரு வகை. அது நேரா உங்ககிட்ட பேசாது, க்ரீட்டர்னு இன்னொரு சின்ன ப்ரோக்ராம கிளப்பி விடும், நாம பாக்குற படம், பேரு, பாஸ்வேர்ட் பெட்டி எல்லாம் இந்த க்ரீட்டர்தான். நீங்க பாஸ்வேர்ட் அடிச்சா டிஸ்ப்ளே மேனேஜர் அத பாம்ங்கற சிஸ்டம்கிட்ட கேட்டு சரிபார்க்கும், சரின்னா உங்க பேர்ல டெஸ்க்டாப் செஷன ஆரம்பிச்சுட்டு க்ரீட்டர மூடிடும்.

இதுல முக்கியம் என்னன்னா க்ரீட்டர் உங்க பேர்ல ஓடல. லைட்டிஎம்ல அதுக்குன்னே லைட்டிஎம்னு ஒரு தனி யூசர் இருக்கு. நம்ம வீட்டு காரிடார்ல நிக்கிற ஆளு மாதிரி நெனச்சுக்குங்க, வெளியில நிக்கிறாரு, உங்க கேட்டு பூட்டிருக்கு, உள்ள ஹால்ல என்ன படம் மாட்டிருக்கீங்கன்னு அவருக்கு தெரியாது. அவருக்கு எது தெரியணுமோ அத காரிடார்லயே வைக்கணும். வால்பேப்பர் வரல, ஃபோட்டோ வரல, தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருதுன்னு நான் மாட்டிக்கிட்ட எல்லா சிக்கலுக்கும் இதுதான் காரணமா இருந்துச்சு, ஃபைல ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சுட்டு வெளிய நிக்கிற ஆள்கிட்ட படின்னு சொல்லிட்டு இருந்தேன்.

ஸ்டெப் 1: உங்ககிட்ட எந்த டிஸ்ப்ளே மேனேஜர் ஓடுது?

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்

இத அடிச்சா மொத வரியிலயே பேரு வந்துடும். டெபியன், உபுண்டு குடும்பம்னா /ஈடிசி/எக்ஸ்11/டீஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர்ங்கற ஃபைலயும் பாக்கலாம், அதுல எக்ஸ் பெரிய எழுத்து.

பொதுவா க்னோம் டெஸ்க்டாப்னா ஜிடிஎம், கேடிஇ ப்ளாஸ்மான்னா எஸ்டிடிஎம், எக்ஸ்எஃப்சிஇ, லினக்ஸ் மின்ட் இதெல்லாம் லைட்டிஎம். உபுண்டு 11.10-ல லைட்டிஎம்முக்கு போனாங்க, அப்புறம் 17.10-ல க்னோமுக்கு திரும்பினப்போ ஜிடிஎம்முக்கே வந்துட்டாங்க, அதனால நெட்ல பழைய உபுண்டு டிப்ஸ் படிக்கிறப்போ எந்த வருஷத்துதுன்னு பாத்துட்டு ஃபாலோ பண்ணுங்க. பழைய மெஷினுக்கு என் சாய்ஸ் லைட்டிஎம்தான், லேசா இருக்கு, எல்லா செட்டிங்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு, தப்பு பண்ணா திருத்துறது சுலபம்.

வேற ஒண்ணுக்கு மாறணும்னா டெபியன்ல அத இன்ஸ்டால் பண்ணிட்டு

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்

அடிங்க, ஒரு லிஸ்ட் வரும், வேண்டியத தேர்ந்தெடுத்து ரீபூட். ஃபெடோரா, ஆர்ச் பக்கம் இது கிடையாது, அங்க சிஸ்டம்சிடிஎல்ல பழசுக்கு டிஸேபிள், புதுசுக்கு எனேபிள். புதுசு நல்லா ஓடுதுன்னு ஒரு வாரம் பாத்துட்டு அப்புறம் பழச அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அவசரமே இல்ல.

ஸ்டெப் 2: கையில ஒரு டார்ச் லைட் வச்சுக்குங்க

செட்டிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்கிப் பாருங்க. கறுப்பு ஸ்க்ரீன்ல வெறும் எழுத்துல லாகின் கேக்கும். க்ராஃபிக்ஸ் மொத்தமா படுத்துட்டாலும் இந்த வழியா உள்ள வந்து சரி பண்ணிடலாம். திரும்பி வர கன்ட்ரோல், ஆல்ட் கூட எஃப்7 இல்லன்னா எஃப்1, எஃப்2 அமுக்கிப் பாருங்க, டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகைக்கு வகை) மாறும். இது உங்க மெஷின்ல வேலை செய்யுதுன்னு கண்ணால பாத்தப்புறம்தான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 3: பேர் லிஸ்ட வரவைக்கிறது

லைட்டிஎம் மூணு இடத்துல செட்டிங் படிக்கும். மொதல்ல /யூஎஸ்ஆர்/ஷேர்/லைட்டிஎம்/லைட்டிஎம்.கான்ஃப்.டி ஃபோல்டர், இது டிஸ்ட்ரோகாரங்க வச்சது, தொடாதீங்க, அப்டேட் வந்தா நீங்க எழுதினது போயிடும். ரெண்டாவது /ஈடிசி/லைட்டிஎம்/லைட்டிஎம்.கான்ஃப்.டி ஃபோல்டர். கடைசியா /ஈடிசி/லைட்டிஎம்/லைட்டிஎம்.கான்ஃப். ஒரே செட்டிங் ரெண்டு இடத்துல இருந்தா கடைசியா படிச்சதுதான் செல்லும்.

நான் ரெண்டாவது இடத்துல சொந்தமா ஒரு ஃபைல் வச்சேன், ஃபோல்டர் இல்லன்னா எம்கேடிஐஆர் போட்டு உண்டாக்கிக்கலாம். ஃபைல் பேரு 50-வீடு.கான்ஃப், பேரு எதுவா இருந்தாலும் கடைசியில டாட் கான்ஃப் கட்டாயம் வேணும், இல்லாட்டி அது அந்த ஃபைல திரும்பிக்கூட பாக்காது. உள்ள இவ்வளவுதான்:

[சீட்:*]
க்ரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்=ஃபால்ஸ்
க்ரீட்டர்-ஷோ-மேனுவல்-லாகின்=ட்ரூ

மொத வரில சீட்டோட மொத எழுத்து பெரிய எழுத்து, பக்கத்துல கோலன், நட்சத்திரம். பழைய டிப்ஸ்ல சீட்-டீஃபால்ட்ஸ்னு ஒரே வார்த்தையா எழுதிருப்பாங்க, அது பழைய வெர்ஷனோட வழக்கம். ரெண்டாவது வரிதான் அம்மா கேட்ட கேள்விக்கு பதில், டெபியன்ல பேர் லிஸ்ட மறைச்சு வச்சிருப்பாங்க, பல பேர் லாகின் பண்ற ஆபிஸ் மெஷினுக்கு அது நல்ல பழக்கம்தான், வீட்டுக்கு சரிப்படாது. மூணாவது வரி எதுக்குன்னு கீழ சொல்றேன்.

எழுதி முடிச்சதும்

லைட்டிஎம் --ஷோ-கான்ஃபிக்

அடிங்க, எந்த செட்டிங் எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு வரி வரியா காட்டும். நீங்க எழுதினது அதுல தெரியலன்னா ஃபைல் பேரோ, சீட் வரியோ தப்பு.

ஸ்டெப் 4: பேர தமிழ்ல எழுதுறது

இதுதான் நான் ரொம்ப ஆசைப்பட்டு செஞ்ச பாகம். யூசர்நேம் இங்கிலீஷ் எழுத்துலதான் இருக்கணும், அத மாத்தாதீங்க, ஆனா முழுப் பேருன்னு ஒரு தனி இடம் இருக்கு, க்ரீட்டர் காட்டுறது அத, அதுல தமிழ் தாராளமா எழுதலாம்.

சூடோ யூசர்மாட் -சி "அம்மா" யூசர்நேம்

கோலன் பேருக்குள்ள வரக்கூடாது, கமா போட்டா அதுக்கு அப்புறம் உள்ளது திரையில வராது, மத்தபடி எதுவும் எழுதலாம். இத அம்மா லாகின் பண்ணாம இருக்கிறப்போ பண்ணுங்க.

அடுத்து எழுத்துரு. க்ரீட்டருக்கு தமிழ் ஃபான்ட் கிடைக்கலன்னா அம்மாங்கற இடத்துல கட்டம் கட்டமாத்தான் வரும். உங்க ஹோம் ஃபோல்டர்ல நீங்க போட்டு வச்ச ஃபான்ட் காரிடார் ஆளுக்கு தெரியாது, சிஸ்டம் முழுக்க போடணும்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்

நோட்டோ சான்ஸ் தமிழ் இதுக்குள்ளயே வந்துடும், தூரத்துல இருந்து பாத்தாலும் எழுத்து தெளிவா இருக்கும். சிஸ்டம் லொகேல் (மொழி, நாடு செட்டிங்) யூடிஎஃப்-8ஆ இருக்கான்னும் ஒருதடவ பாருங்க, லொகேல்னு அடிச்சா தெரியும்.

லொகேல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். இங்க சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சி மொழி நாலுல ஒண்ணு, ஆனா லினக்ஸ்ல சிங்கப்பூர் இங்கிலீஷுக்கு லொகேல் இருக்கு, சிங்கப்பூர் சீனத்துக்கு இருக்கு, தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும்தான் இருக்கு. தமிழ் இந்தியாவ எடுத்தா பணம் ரூபாய்னு வரும். அதனால நான் மொழிக்கு தமிழ் இந்தியா, எல்சி-மானிட்டரிக்கு சிங்கப்பூர் இங்கிலீஷ்னு கலந்து வச்சிருக்கேன், டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ் போட்டு ரெண்டையும் டிக் பண்ணிட்டு, /ஈடிசி/டீஃபால்ட்/லொகேல் ஃபைல்ல எல்சி-மானிட்டரி வரிய (பேரு எல்லாமே பெரிய எழுத்து) தனியா எழுதணும். யாராவது நமக்குன்னு ஒண்ணு எழுதி அனுப்பினா ரொம்ப நல்லா இருக்கும், எனக்கே அந்த ஆசை இருக்கு.

ஸ்டெப் 5: ஃபோட்டோ

பேர் பக்கத்துல ஃபோட்டோவும் வந்தா அம்மா கண்ணாடி போடாமலே கண்டுபிடிச்சுடுவாங்க. எக்ஸ்எஃப்சிஇல மக்ஷாட்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, அதுல படத்த போட்டாலே பல சமயம் வந்துடும். வரலன்னா காரிடார் கதைதான், பல டிஸ்ட்ரோல இப்ப ஹோம் ஃபோல்டர மத்த யூசர் படிக்க முடியாதபடி பூட்டிடுறாங்க, உபுண்டு 21.04-ல இருந்து அப்படித்தான்.

கையால செய்யணும்னா சதுரமா ஒரு பிஎன்ஜி படத்த /வார்/லிப்/அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்/ஐகான்ஸ் ஃபோல்டர்ல யூசர்நேம் பேர்லயே காப்பி பண்ணுங்க, ஃபோல்டர் பேர்ல ஏ, எஸ் ரெண்டும் பெரிய எழுத்து. அப்புறம் பக்கத்துல இருக்கிற யூசர்ஸ் ஃபோல்டர்ல அதே யூசர்நேம் பேர்ல உள்ள ஃபைல்ல [யூசர்]ங்கற வரிக்கு கீழ ஐகான்= போட்டு படத்தோட முழு பாதைய எழுதுங்க, யூசர், ஐகான் ரெண்டுலயும் மொத எழுத்து பெரிய எழுத்து.

அதே ஃபைல்ல சிஸ்டம்அக்கவுண்ட்=ட்ரூன்னு (எஸ், ஏ ரெண்டும் பெரிய எழுத்து) போட்டா அந்த ஆளு லிஸ்ட்ல தெரியமாட்டாங்க. என் அட்மின் அக்கவுண்ட நான் இப்படித்தான் மறைச்சேன், பசங்க சும்மா பாஸ்வேர்ட் போட்டு போட்டு பாக்கிறாங்கன்னு. ஆனா அப்ப நான் எப்படி உள்ள போறது? அதுக்குத்தான் மேல மேனுவல்-லாகின் வரி, லிஸ்ட்லயே மத்தவங்களுக்குன்னு ஒரு வழி வரும், அதுல பேர டைப் பண்ணி போயிடலாம். அந்த வரி இல்லாம மறைச்சிடாதீங்க.

ஸ்டெப் 6: தோற்றம்

லைட்டிஎம்முக்கு க்ரீட்டர் நிறைய இருக்கு. டெபியன் எக்ஸ்எஃப்சிஇல ஜிடிகே க்ரீட்டர், மின்ட்ல ஸ்லிக் க்ரீட்டர். மின்ட்காரங்களுக்கு லாகின் விண்டோன்னு மெனுலயே செட்டிங் இருக்கு, ரெண்டு க்ளிக்ல முடிஞ்சுடும்.

ஜிடிகே க்ரீட்டருக்கு ஃபைல் /ஈடிசி/லைட்டிஎம்/லைட்டிஎம்-ஜிடிகே-க்ரீட்டர்.கான்ஃப், [க்ரீட்டர்]ங்கற வரிக்கு கீழ எழுதணும். பேக்ரவுண்ட்= போட்டு படத்தோட பாதை, படம் /யூஎஸ்ஆர்/ஷேர்/பேக்ரவுண்ட்ஸ்ல இருக்கணும், ஹோம்ல இல்ல. யூசர்-பேக்ரவுண்ட்=ஃபால்ஸ்னு போடலன்னா பேர மாத்த மாத்த படமும் மாறும், எனக்கு அது கண்ண உறுத்துச்சு. ஃபான்ட்-நேம்=நோட்டோ சான்ஸ் தமிழ் 16ன்னு வச்சேன், எழுத்து இன்னும் பெருசா வேணும்னா எக்ஸ்எஃப்டி-டிபிஐ=120ன்னு போட்டுப் பாருங்க, வயசானவங்க இருக்கிற வீட்டுல இது ரொம்ப உபயோகம். மேல பட்டைல என்னென்ன வரணும்ங்கறது இண்டிகேட்டர்ஸ்= வரி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரைப்புள்ளி, லேஅவுட் இண்டிகேட்டர மறக்காம சேருங்க, காரணம் அடுத்த ஸ்டெப்ல.

ஹால் டிவியையும் ஹெச்டிஎம்ஐல சொருகிருந்தா பாஸ்வேர்ட் பெட்டி அணைஞ்சு கிடக்கிற டிவில போய் உக்காந்துக்கும், மானிட்டர்ல வெறும் வால்பேப்பர் மட்டும் நிக்கும். ஆக்டிவ்-மானிட்டர்=0ன்னு இதே ஃபைல்ல போடுங்க, சரியா வரலன்னா 1.

ஸ்டெப் 7: கீபோர்ட், இதுல நிறைய பேர் மாட்டுறாங்க

பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன், தப்புன்னே வருதுன்னு ஒருத்தர் சொன்னா நான் மொதல்ல கேக்கிறது தமிழ் கீபோர்ட் போட்டீங்களான்னுதான். சிஸ்டம் லெவல்ல தமிழ் லேஅவுட் மொத இடத்துல இருந்தா பாஸ்வேர்ட் பெட்டில தமிழ் எழுத்து விழும், புள்ளி புள்ளியாத்தான் தெரியுறதால நமக்கு ஒண்ணும் புரியாது. /ஈடிசி/டீஃபால்ட்/கீபோர்ட் ஃபைல்ல எக்ஸ்கேபிலேஅவுட் வரில (எல்லாமே பெரிய எழுத்து) அமெரிக்க லேஅவுட் முன்னாடியும் இந்திய லேஅவுட் பின்னாடியும் இருக்கணும், நடுவுல கமா.

தமிழ் 99 கீபோர்ட ஐபஸ்ங்கற டைப்பிங் ப்ரோக்ராம் வழியா வச்சிருக்கிறவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, ஐபஸ் நீங்க உள்ள போனப்புறம்தான் ஸ்டார்ட் ஆகும். தமிழ் 99 பேரு வந்தது 1999-ல சென்னைல நடந்த தமிழிணைய மாநாட்டுல இருந்து, அதுக்கு முன்னாடி 1997-ல மொத மாநாடு நம்ம சிங்கப்பூர்லதான் நடந்துச்சு, நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தினது. இங்க உக்காந்து தமிழ் தட்டுறப்போ எனக்கு அது ஞாபகம் வராம இருக்காது.

அம்மா பாஸ்வேர்ட் வெறும் நம்பர், அதனால நம்லாக் ஆன்ல இருக்கணும். நம்லாக்எக்ஸ்னு ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணிட்டு 50-வீடு ஃபைல்ல இந்த வரியையும் சேருங்க:

க்ரீட்டர்-செட்டப்-ஸ்க்ரிப்ட்=/யூஎஸ்ஆர்/பின்/நம்லாக்எக்ஸ் ஆன்

ஆட்டோலாகின் வைக்கலாமா?

ஆட்டோலாகின்-யூசர்= போட்டு பேரு எழுதினா போதும், செஞ்சுடலாம், ஆர்ச்ல மட்டும் அந்த ஆளு ஆட்டோலாகின்னு ஒரு க்ரூப்ல இருக்கணும். ஆனா பல பேர் உக்கார்ற மெஷின்ல நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ப்ரௌசர்ல பேங்க், சிங்பாஸ் (அரசாங்க சேவைக்கான லாகின்)னு எல்லாம் ஓடுது. இன்னொண்ணு, பாஸ்வேர்ட் அடிக்காம உள்ள போனா கீரிங் (சேமிச்ச பாஸ்வேர்ட் இருக்கிற பெட்டகம்) பூட்டியே கிடக்கும், அப்புறம் ப்ரௌசர் திறக்கிறப்போ அது தனியா பாஸ்வேர்ட் கேக்கும், அம்மா மாதிரி ஆளுக்கு அது இன்னும் குழப்பம்.

டெஸ்ட் பண்றது

டிஎம்-டூல் ஸ்விட்ச்-டு-க்ரீட்டர்னு அடிங்க, லாக்அவுட் ஆகாமலே லாகின் ஸ்க்ரீன் வந்து நிக்கும், பாத்துட்டு திரும்ப உங்க பாஸ்வேர்ட் போட்டு வந்துடலாம். சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் லைட்டிஎம் அடிக்கிறதா இருந்தா திறந்து வச்சிருக்கிற எல்லா வேலையும் மூடிடும், சேவ் பண்ணாதது போச்சு, பசங்க ஹோம்வொர்க் பாதில இருக்கான்னு கேட்டுட்டு அடிங்க.

கேடிஇ, க்னோம் வச்சிருக்கிறவங்களுக்கு

எஸ்டிடிஎம்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல லாகின் ஸ்க்ரீன் பக்கத்துலயே பாதி வேலை முடிஞ்சுடும், அங்க ப்ளாஸ்மா செட்டிங்ஸ அப்ளை பண்ற பட்டன் ஒண்ணு இருக்கு, அத அமுக்கினா உங்க ஃபான்ட், நம்லாக் எல்லாம் காரிடாருக்கும் போயிடும். கையால எழுதணும்னா /ஈடிசி/எஸ்டிடிஎம்.கான்ஃப்.டி ஃபோல்டர், [தீம்] வரிக்கு கீழ கரன்ட்=ப்ரீஸ்ங்கற மாதிரி, தீம்ல டி, கரன்ட்ல சி ரெண்டும் பெரிய எழுத்து.

ஜிடிஎம்ல ஆட்டோலாகின் மாதிரி விஷயம் உபுண்டுன்னா /ஈடிசி/ஜிடிஎம்3/கஸ்டம்.கான்ஃப்ல. தோற்றம் மாத்துறது இவங்ககிட்ட கொஞ்சம் இறுக்கம்தான், லோகோ வைக்கலாம், டிகான்ஃப்ங்கற க்னோம் செட்டிங் சேமிப்பு வழியா பேனர் மெசேஜ் எழுதலாம், அதுலயும் தமிழ் வரும், எழுதினப்புறம் சூடோ டிகான்ஃப் அப்டேட் அடிக்கணும்.

பாஸ்வேர்ட் சரி, ஆனா திரும்பத் திரும்ப லாகின் ஸ்க்ரீனுக்கே வருது

எங்க வீட்டுல இது நடந்துச்சு. பெரியவன் பள்ளி ப்ராஜெக்ட் வீடியோ எல்லாத்தையும் இறக்கி வச்சிருந்தான், டிஸ்க் நிறைஞ்சுபோச்சு. பாஸ்வேர்ட் போட்டா ஒரு நொடி கறுப்பு, திரும்ப அதே திரை. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் ரூட்டுக்குன்னு அஞ்சு சதவீதம் இடம் ஒதுக்கி வச்சிருக்கும், அதனால மெஷின் பூட் ஆகுது, லாகின் ஸ்க்ரீனும் அழகா வருது, ஆனா நம்ம பேர்ல ஹோம்ல ஒரு ஃபைல்கூட எழுத முடியாததால செஷன் ஆரம்பிச்ச உடனே செத்துடுது.

ஸ்டெப் 2-ல சொன்ன மாதிரி கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 போய் டிஎஃப் -ஹெச் அடிச்சு 100 சதவீதம் எங்கயாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா எதையாவது அழிச்சு இடம் பண்ணுங்க. இடம் இருந்தும் இப்படி ஆகுதுன்னா எல்எஸ் -எல் போட்டு ஹோம்ல டாட் எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, எக்ஸ் பெரிய எழுத்து. எப்பவாவது சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டிருந்தா அது ரூட் பேர்ல மாறியிருக்கும், அந்த ஃபைல அழிச்சா போதும், அடுத்த லாகின்ல புதுசா உருவாகிக்கும். அப்பவும் சரியாகலன்னா அதே ஹோம்ல டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் ஃபைல்ல கடைசி பத்து வரி படிங்க.

லாகின் ஸ்க்ரீனே வராம வெறும் கறுப்புன்னா /வார்/லாக்/லைட்டிஎம் ஃபோல்டர்ல லைட்டிஎம்.லாக், சீட்0-க்ரீட்டர்.லாக்னு ரெண்டு ஃபைல் இருக்கும், சூடோ போட்டு படிங்க. மொதல்ல செய்ய வேண்டியது நீங்க எழுதின 50-வீடு ஃபைல வேற பேருக்கு மாத்திட்டு ரீபூட் பண்றது, திரை வந்துட்டா தப்பு உங்க ஃபைல்லதான், ஒவ்வொரு வரியா திரும்ப சேர்த்துப் பாருங்க. எல்லாத்தையும் தனி ஃபைல்ல வைக்க சொன்னது இதுக்குத்தான்.

இப்ப எங்க ஹால்ல திரை வந்ததும் அம்மா, பெரியவன், சின்னவன்னு மூணு பேரு தமிழ்ல வரிசையா நிக்குது. அடுத்து சின்னவனோட பேர அவனே எழுதணுமாம், ஒன்னாம் வகுப்பு தமிழ் பாடத்துல இப்பத்தான் உயிர்மெய் எழுத்து வரைக்கும் வந்திருக்கான், யூசர்மாட் கமாண்ட நான் அடிச்சு வச்சிருக்கேன், மேற்கோள் குறிக்கு நடுவுல அவன் தட்டப்போறான்.